பதினெட்டு அங்குலத் தண்ணீர்

வெண்டல் நகராட்சியில் தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில்தான் விடியும். குழாய் உடைந்தால் நான், சாக்கடை அடைத்தால் நான், நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் போர் நினைவு நீரூற்றில் பாசி பிடித்தாலும் நான். அந்த நீரூற்றில் வருகிறவர்கள் கால் வைக்கலாமா கூடாதா என்று எங்கள் ஊர் அடித்துக்கொண்ட காலம் முழுக்க, வாரத்தில் மூன்று நாள் ரப்பர் பூட்ஸோடு அதற்குள் நின்றுகொண்டிருந்தவன் நான். என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பம்பைப் பற்றித்தான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஆரம்பித்தது 2011 ஜூலையில். எங்கள் அயோவா மாநிலத்தை மேற்கிலிருந்து கிழக்காக சைக்கிளில் கடக்கும் கூட்டம் ஒன்று ஒவ்வொரு கோடையிலும் கிளம்பும். ஆயிரக்கணக்கான பேர். வருடத்துக்கு ஒரு வழி. அந்த வருடம் எங்கள் ஊர் வழி. மூவாயிரம் பேர் வாழும் ஊருக்கு அது கல்யாணம் மாதிரி. தேவாலயப் பெண்கள் மூன்று நாளாக ஆப்பிள் பை, செர்ரி பை என்று பழம் வைத்த பலகாரங்களை அடுப்பை அணைக்காமல் சுட்டு, நடைபாதையில் மேசை போட்டு அடுக்கிவிட்டார்கள். மேயர் ராட் கெஸல் புதுச் சட்டை வாங்கினார். அன்றைக்கு வெயில் நூற்றுமூன்று டிகிரி. சோளக்காட்டுப் பக்கமிருந்து வந்த காற்று, கொதிக்கும் பானையைத் திறந்தது போல் முகத்தில் அடித்தது.

காலை பத்து மணிக்கு முதல் கூட்டம் வந்து இறங்கியது. யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றி நீரூற்றில் காலை விட்டார். கால் மணி நேரத்தில் வட்டமான அந்தக் கருங்கல் விளிம்பில் மின்கம்பியில் காக்கை உட்கார்ந்த மாதிரி இடைவெளி இல்லாமல் ஆட்கள். நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர், தாடிக்காரர், நல்ல சரீரம், கால் மட்டும் நனைத்தால் போதாது என்று உள்ளே இறங்கி மல்லாந்து படுத்துவிட்டார். வயிறு மட்டும் தீவு மாதிரி வெளியே தெரிந்தது. அவருடைய இரண்டு சாக்ஸும் வெண்கலச் சிப்பாயின் நீட்டிய கையில் தொங்கின. சிப்பாய்க்குக் கீழே சுவரில், இரண்டாம் உலகப் போரில் செத்த எங்கள் ஊர்ப் பையன்கள் இருபத்தேழு பேரின் பெயர்கள்.

அப்போதுதான் கையில் பை வைத்த இரண்டு தட்டோடு வெர்னா ஹால்வர்சன் வந்தார். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். ஐம்பதைத் தாண்டிய நானும்தான். எங்களுக்கெல்லாம் அவர் இன்றைக்கும் டீச்சர்.

"சார், எந்திரிங்க," என்றார்.

"அம்மா, சொர்க்கமா இருக்கு. நீங்களும் கால வைங்க," என்றார் பல் டாக்டர், கண்ணைத் திறக்காமல்.

"அந்த சாக்ஸ் யாரோடது?"

"என்னோடதுதான். காயட்டும்னு போட்டேன்."

"அதுக்கு நேர் கீழ ஒரு பேரு இருக்கு. படிங்க."

அவர் தலையைத் திருப்பிப் படித்தார். "கால்வின் ஹால்வர்சன். உங்களுக்கு வேண்டியவரா?"

"அண்ணன். உங்க சாக்ஸ்ல இருந்து சொட்டுறதெல்லாம் அவன் மேலதான் விழுது."

பல் டாக்டர் நல்ல மனிதர். தடுமாறி எழுந்து, சாக்ஸை எடுத்து, அந்தப் பெயரைத் தன் பனியனாலேயே துடைத்தார். அந்தப் பனியன் சாக்ஸைவிட ஈரம். நாலு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, டீச்சர் கையிலிருந்த இரண்டு தட்டையும் அவரே வாங்கிக்கொண்டு போனார். மற்றவர்கள் நகரவில்லை. டீச்சர் சுற்றிப் பார்த்தார். நான் மறுபக்கம் குந்தியிருந்தேன்.

"லோவெல், நீ என்ன வேடிக்கை பாத்துட்டு இருக்க?"

"வேடிக்கை இல்ல டீச்சர். பம்ப் நின்னு போச்சு. யாரோட தொப்பியோ உள்ள மாட்டியிருக்கு."

அந்த வார உள்ளூர்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் பல் டாக்டரின் வயிறும் அதற்குப் பின்னால் இருபத்தேழு பெயர்களும் வந்தன. பிறகு ஒரு மாதம் வாசகர் கடிதங்கள். நாம் விருப்பப்பட்ட இடத்தில் கால் நனைக்கும் சுதந்திரத்துக்காகத்தான் அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஒருவர் எழுதினார். எங்கே நனைக்கக் கூடாது என்று தெரிந்த ஒரு நாட்டுக்காகத்தான் கொடுத்தார்கள் என்று அடுத்தவர் எழுதினார். செத்தவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

செப்டம்பரில் நகர்மன்றக் கூட்டம். ராட் கெஸல் புல்வெட்டும் இயந்திரம் விற்கிறவர். இரண்டு கட்சிக்காரர்கள் வீட்டிலும் புல் வளர்வதால் எல்லோருடனும் ஒத்துப்போவார். டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து, இறங்கத் தடை வேண்டும் என்றார். ராட் தலையாட்டினார். பிறகு சந்தேகம் வந்தது.

"டீச்சர், இறங்குறதுன்னா எது? விளிம்புல உக்காந்து கால மட்டும் தொங்கவிட்டா?"

"கால் நனஞ்சா இறங்கினதுதான்."

"கை நனஞ்சா?"

"கையால யாரும் நடக்கறதில்ல, ராட்."

பின்வரிசையிலிருந்து மெர்ல் ஸ்டக்கி கை தூக்கினார். எண்பது வயது. கொரியப் போருக்குப் போய் வந்தவர். கூட்டத்துக்கு வருவதே காபிக்காக என்று அவரே சொல்வார். "எங்க வீட்டு நாய் அதுல தண்ணி குடிக்கும். அதுக்கு என்ன முடிவு?"

நாயின் வாய் படலாம், கால் படக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. சுத்தம் செய்ய நான் இறங்குவதைக் 'கடமை நிமித்தம்' என்று தனியாக ஒரு வரி போட்டு அனுமதித்தார்கள். அடுத்து அறிவிப்புப் பலகை. அதில் 'தயவுசெய்து' என்று போடுவதா வேண்டாமா என்பதற்கு மட்டும் ஐம்பது நிமிடம் ஆனது. போட்டால் கெஞ்சுவது போல் இருக்கிறது, போடாவிட்டால் அதட்டுவது போல் இருக்கிறது. மெர்ல், "அந்தச் சுவத்துல இருக்கற பசங்ககிட்ட யாரும் தயவுசெய்துன்னு கேக்கல," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் எல்லோருடைய மனமும் கோணாமல் இருக்க எல்லோருடைய சொல்லையும் சேர்த்தார்கள். வாக்கியம் ஐந்து வரி நீண்டது. டீச்சர் அதில் இரண்டு நிறுத்தற்குறிகளைத் திருத்திக் கொடுத்தார்.

பலகையை எங்கே நடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. முன்னால் நட்டால் பெயர்கள் மறைந்தன. பக்கவாட்டில் நட்டால் யாருக்கும் தெரியவில்லை. கருங்கல் விளிம்பில் துளை போட்டால் கல் பிளந்துவிடும். பழைய விளக்கு ஒன்றைப் பிடுங்கிய குழி தொட்டியின் நடுவில் இருந்தது. அதிலேயே கம்பத்தை இறக்கிக் கான்கிரீட் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். ஐந்து வரி என்பதால் எழுத்து பொடியாகிவிட்டது. விளிம்பில் நின்று பார்த்தால் ஏதோ எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மரியாதைக்காரர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, தண்ணீரில் நடந்துபோய்ப் படித்தார்கள். படித்ததும் முகம் சிவந்து திரும்பி வந்தார்கள். முதல் வாரத்தில் மட்டும் பதினான்கு பேர். அதற்கு முன்னால் வாரத்துக்கு நாலு பேர்கூட இறங்கியதில்லை.

ராட்டிடம் போய்ச் சொன்னேன்.

"படிச்ச ஒடனே வெளிய வந்துடறாங்கல்ல?" என்றார்.

"வந்துடறாங்க."

"அப்ப போர்டு நல்லா வேலை செய்யுது. விடு."

ஒன்றரை வருடம் இப்படியே போனது. 2013 பிப்ரவரியில் சைக்கிள் பயணம் நடத்துகிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. இந்த ஜூலையில் மறுபடி எங்கள் வட்டாரம் வழியாக வருகிறார்கள். தங்கிச் சாப்பிட எங்கள் ஊரா, பதினோரு மைல் தெற்கே இருக்கும் ஆஸ்மண்டா என்று முடிவு செய்யவேண்டும். போன முறை எங்கள் ஊரில் சிலர் மனம் வருந்தியதாகக் கேள்விப்பட்டார்கள். ஆஸ்மண்டில் நீச்சல் குளமும் இருக்கிறது. அவ்வளவுதான். மிகப் பணிவான கடிதம்.

ஆஸ்மண்ட் என்ற பெயரைக் கேட்டாலே எங்கள் ஊருக்கு வயிறு எரியும். கூடைப்பந்தில் அவர்களை ஜெயித்த வரலாறே எங்களுக்கு இல்லை. தேவாலயப் பெண்கள் உடனே வேதத்தைப் புரட்டி, ஆண்டவரே சீடர்களின் கால்களைக் கழுவியவர்தானே, வழிப்போக்கர்களின் கால் நனைவதில் என்ன குற்றம் என்று கேட்டார்கள்.

"அவர் கழுவினது பாத்திரத்துல," என்றார் டீச்சர். "அடுத்தவன் கல்லறையில இல்ல."

ராட்டுக்குத் தூக்கம் போயிற்று. தடையை நீக்கினால் டீச்சர், நீக்காவிட்டால் பை சுடும் பெண்கள். நீரூற்றைக் கட்டியவர்கள் என்ன நினைத்துக் கட்டினார்கள் என்று பார்த்து அதன்படி செய்வோம் என்றார். பழி செத்தவர்கள் மேல் விழட்டும் என்ற நல்லெண்ணம்தான். டீச்சர் எழுந்து, அந்தக் காலத்துக் குறிப்புகள் நூலக நிலவறையில் இருக்கும், தானே பார்த்து எடுத்து வருகிறேன் என்றார். அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காலத்து மனிதர்கள் புனிதம் என்ற சொல்லைத் தவிர வேறு எதையும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நம்பினார். பெட்டி தூக்க என்னை அழைத்துப் போனார்.

செவ்வாய்க்கிழமை மதியம். வெளியே முழங்கால் அளவு பனி. நிலவறையில் கொதிகலன் சத்தம். ஒன்பதாவது பெட்டியில் 1946-ஆம் வருட நினைவுச்சின்னக் குழுவின் கோப்பு அகப்பட்டது. தட்டச்சு செய்த தாள்களுக்கு நடுவில், துருப்பிடித்த குண்டூசி குத்திய, கையால் எழுதிய கடிதம் ஒன்று. டீச்சர் அதைப் படிக்கவே ஆரம்பிக்கவில்லை. தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது அம்மா எழுத்து."

பிறகு படித்தார். படித்து முடித்து, காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"சத்தமா படி, லோவெல்."

ஏழாம் வகுப்புக்குப் பிறகு அவர் என்னைப் படிக்கச் சொன்னது அன்றைக்குத்தான். அந்தக் கடிதம் எனக்கு இப்போதும் மனப்பாடம்.

'குழுவினருக்கு, எங்கள் பிள்ளைகளின் நினைவாக நீரூற்று கட்டப் போவதாக அறிந்தோம். கீழே கையெழுத்திட்டிருக்கும் தாய்மார்கள் பதினோரு பேருக்கும் நீரூற்று வேண்டாம். நீச்சல் குளம் வேண்டும். என் மகன் கால்வின் மேல் ஒரு குண்டும் படவில்லை. அவனோடு படகில் இருந்த பையன் எனக்கு எழுதியிருக்கிறான். தீவின் கரை இன்னும் தூரத்தில் இருக்கும்போதே படகின் கதவைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் தலைக்கு மேல். முதுகில் மூட்டை. நீந்தத் தெரிந்தவர்கள் மூட்டையைக் கழற்றிவிட்டு மேலே வந்தார்கள். என் மகனுக்குத் தெரியாது. இந்த ஊரில் அவன் எங்கே போய்க் கற்றுக்கொண்டிருப்பான்? பெயர்களைக் கல்லில் வெட்ட வேண்டாம். எங்களுக்கு அவை மறக்காது. இருக்கிற பிள்ளைகளுக்கு நீந்தச் சொல்லிக்கொடுங்கள்.'

அதற்கு அடுத்த தாளில் குழுவின் பதில். 'தாய்மார்களின் கடிதம் படிக்கப்பட்டது. உறுப்பினர்கள் கண் கலங்கினர். நீரூற்றிலும் தண்ணீர் இருக்குமாதலால் தாய்மார்களின் விருப்பம் கணிசமாக நிறைவேறுகிறது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஆழம் பதினெட்டு அங்குலம்.'

கொதிகலன் நின்று மறுபடி ஓடத் தொடங்கியது. டீச்சர் அந்தத் தாளை வாங்கி ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"கணிசமாக," என்றார். "எந்தப் பையனாவது கட்டுரையில இப்படி எழுதியிருந்தா சிவப்பு மையால சுழிச்சு, எவ்வளவுன்னு சொல்லுடான்னு கேட்டிருப்பேன்."

"உங்களுக்குத் தெரியாதா டீச்சர்? அவர் எப்படிச் செத்தார்னு?"

"சுட்டுட்டாங்கன்னு சொன்னாங்க. அவன் சாகும்போது எனக்கு ஒரு வயசு. நான் பாத்ததே இல்ல அவன." தாளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒவ்வொரு மே மாசமும் நினைவு நாளுக்கு எல்லாரும் மாலை எடுத்துட்டு நீரூற்றுக்குப் போவோம். அம்மா மட்டும் கார விட்டு இறங்க மாட்டா. கண்ணாடிய ஏத்திவிட்டு உக்காந்திருப்பா. தாங்க முடியாத துக்கம்னு ஊரே பேசும். நானும் அப்படித்தான் நெனச்சேன். துக்கம் இல்ல, லோவெல். கோவம். முப்பது வருஷம் கோவமா கார்ல உக்காந்திருந்திருக்கா. நான் வெளிய நின்னு மாலை போட்டிருக்கேன்."

"நீங்க நீந்துவீங்களா?"

"என்னைய ஓடைப் பக்கமே விட்டதில்ல அவ. குளிக்கற தொட்டியிலகூட நான் ஓரத்தப் புடிச்சுக்குவேன்."

அடுத்த கூட்டத்தில் கடிதத்தை டீச்சரே படித்தார். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. வகுப்பில் படிப்பது போல, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்திப் படித்தார். முடிந்தபோது ராட் கெஸல் புதுக் கைக்குட்டையை எடுத்து அழுதார். அவர் அழுதது உண்மை. எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அழுதுகொண்டே தீர்மானம் கொண்டுவந்தார்: பலகை உடனே அகற்றப்படும், தாய்மார்களின் விருப்பத்துக்கு மரியாதை செய்யும் விதமாக, ஜூலையில் சைக்கிள்காரர்கள் வரும் நாளில் 'நினைவு நீரிறங்கல்' என்ற சடங்கு நடத்தப்படும். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பை சுடும் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"ராட், நான் இன்னும் முடிக்கல," என்றார் டீச்சர்.

கைத்தட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது.

"அவங்க கேட்டது நீச்சல் குளம். அறுபத்தேழு வருஷம் ஆச்சு. இன்னும் கட்டல. எப்பக் கட்டறீங்க?"

இருமல் சத்தம் கேட்டது. ராட் கைக்குட்டையை மடித்தார். "டீச்சர், கொள்கை அளவுல இந்த மன்றத்துல யாருக்குமே எதிர்ப்பு இல்ல."

"கொள்கையில தண்ணி நிக்காது, ராட்."

மெர்ல் ஸ்டக்கி கண் திறந்தார். "எனக்கும் நீச்சல் தெரியாது," என்றார். "என்னைக் கப்பல்லதான் கொரியாவுக்கு அனுப்பினாங்க. பதினேழு நாள். ஒருத்தனும் கேக்கல, உனக்கு நீந்தத் தெரியுமான்னு. நானும் சொல்லல. வெக்கம்."

ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் வெர்னா ஹால்வர்சன். உறுப்பினர் மெர்ல் ஸ்டக்கி. கூட்டம் கலைந்தது.

பலகையைக் கழற்றுவது சுலபமாக இருந்தது. கம்பம் வரவில்லை. என் கையாலேயே ஊற்றிய கான்கிரீட். அதை ஒரு கொடிக்கம்பமாக வைத்துக்கொள்ளலாம் என்று ராட் முடிவு செய்தார்.

ஆஸ்மண்டை வென்று சைக்கிள் கூட்டம் ஜூலையில் எங்கள் ஊருக்கே வந்தது. அன்றைக்கும் நல்ல வெயில். பள்ளி வாத்தியக் குழு சோக இசை வாசித்தது. இறங்குவோர் தொப்பியைக் கழற்றி, மௌனமாக, கடிகாரச் சுற்றில் நடக்கவும் என்று அச்சடித்த தாளை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். சைக்கிள்காரர்கள் தாளைப் படித்தார்கள், வாத்தியக் குழுவைப் பார்த்தார்கள், தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கும் பை மேசைக்கும் போய்விட்டார்கள். நெப்ராஸ்கா பல் டாக்டரும் வந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. ராட் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"நீங்கதான் முதல்ல இறங்கணும். உங்களாலதான் எல்லாமே ஆரம்பிச்சுது."

"நானா? வேண்டவே வேண்டாம்," என்று அவர் கையை விடுவித்துக்கொண்டார். "அந்த அம்மா எங்க இருக்காங்கன்னு தெரியாம நான் ஷூவக் கழட்டவே மாட்டேன்."

கடைசியில் ராட்டும் பாதிரியாரும் மட்டும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, கடிகாரச் சுற்றில் மூன்று முறை நடந்தார்கள். கூடாது என்றபோது படிப்பதற்காகவாவது பதினான்கு பேர் இறங்கினார்கள். மரியாதை என்றதும் வெளியூர்க்காரர் ஒருத்தரும் இறங்கவில்லை.

டீச்சர் அங்கே இல்லை. அன்று அவருக்கு வகுப்பு. ஜூன் முதல் வாரத்தில் ஆஸ்மண்டுக்குப் போய் நீச்சல் கற்க எழுதிக்கொடுத்திருந்தார். பெரியவர்களுக்கான வகுப்பில் வேறு யாரும் சேராததால் ஐந்து வயதுக்காரர்களோடு சேர்த்துவிட்டார்கள். எழுபது வயதில், நீல நீச்சலுடையில், இடுப்பளவு தண்ணீரில், ஒன்பது குழந்தைகளோடு வரிசையில் நின்று வாயால் குமிழி விட்டார். கூட வரச் சொல்லி என்னை வற்புறுத்தினார்.

"நான் எதுக்கு டீச்சர்?"

"நான் முங்கிட்டா, இது யாருன்னு அடையாளம் சொல்ல ஒருத்தன் வேணும். ஆஸ்மண்ட்ல என்னை யாருக்கும் தெரியாது."

கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது வாரம், குழந்தைகள் போனபிறகு, டீச்சர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"லோவெல். நான் மூழ்கினா நீ குதிச்சுத் தூக்குவியா?"

பொய் சொல்ல நினைத்தேன். ஆனால் அவரிடம் வீட்டுப்பாடம் எழுதாததற்குச் சொன்ன பொய்கள்கூட எடுபட்டதில்லை. "எனக்கும் நீச்சல் தெரியாது டீச்சர்," என்றேன்.

"இருபத்தஞ்சு வருஷமா ஊர்த் தண்ணியெல்லாம் உன் பொறுப்புல இருக்கு."

"குழாய்த் தண்ணிதானே."

அடுத்த வாரம் நானும் குமிழி விட்டேன். என் பக்கத்தில் நின்ற சிறுமி, நான் மூக்கால் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, வாயை மூடிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தாள். டீச்சர் என்னைவிட மூன்று வாரம் முன்னால் இருந்ததை ஒரு நாளும் மறக்கவிடவில்லை.

அந்த நவம்பரில் நீச்சல் குளத்துக்கு ஊர் வாக்கெடுப்பு நடந்தது. தோற்றுப்போனது. எதிர்த்தவர்கள் வீடு வீடாகக் கொடுத்த தாளில் ஒரே வரிதான்: நமக்குத்தான் ஏற்கனவே நீரூற்று இருக்கிறதே. டீச்சர் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் தன் அம்மாவின் கடிதத்தை நகல் எடுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு வருடம், ஒரு கதவு விடாமல் தட்டினார். வாங்க மறுத்தவர்களிடம் வாசலில் நின்றே படித்துக் காட்டினார். அவரிடம் படித்தவர்கள் கதவைச் சாத்த முடியாமல் நின்று கேட்டார்கள். மெர்ல் காரில் உட்கார்ந்திருப்பார். அவர் கேட்ட காபியைக் கொடுக்கிற வீட்டை ஆதரவு என்றும் கொடுக்காத வீட்டை எதிர்ப்பு என்றும் கணக்குவைத்துக்கொண்டார். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக இருந்தது. இரண்டாம் வாக்கெடுப்புக்குத் தபால் வாக்கைப் போட்டுவிட்டு அடுத்த வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார். பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தோம். அதில் ஒன்று அவருடையது.

2016 ஜூனில் குளம் திறக்கும் நேரத்தில், பெயர் வைக்கும் விஷயம் வந்தது. ராட்டுக்கு இன்னும் அதே பதவி, அதே கைக்குட்டை. 'கால்வின் ஹால்வர்சன் நினைவு நீச்சல் குளம்' என்று வெண்கலத்தில் எழுத்து வார்க்கச் சொல்லலாம் என்றார். மன்றம் மொத்தமும் டீச்சரைப் பார்த்தது.

"வேண்டாம்," என்றார் அவர்.

"டீச்சர், உங்க அம்மா இருந்திருந்தா..."

"பேரு வேண்டாம்னுதான் அவ எழுதியிருக்கா. பேரு வெச்சா பூ வைப்பீங்க. பூ வெச்சா, பூ இருக்கற எடத்துல சத்தம் போடலாமான்னு ஒருத்தர் கேப்பாரு. அடுத்த வருஷம் யாரும் குதிக்கக் கூடாதுன்னு போர்டு மாட்டுவீங்க. அந்த போர்டுல நிறுத்தற்குறி திருத்தறதுக்கு நான் இருக்க மாட்டேன்."

ஆகவே அது வெண்டல் நகராட்சி நீச்சல் குளம். அதுவும் என் பொறுப்புதான். நீரூற்றில் இப்போது இறங்குகிறவர்கள் இறங்குகிறார்கள், மற்றவர்கள் இறங்குவதில்லை. அதைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை.

காலையில் குளத்தைத் திறக்குமுன் தண்ணீரைச் சோதிக்க நான் போகும்போது டீச்சர் வாசலில் நின்றுகொண்டிருப்பார். ஏணியில் பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக, முனகிக்கொண்டே இறங்குவார்.

"குளோரின் அதிகமாப் போட்டுட்ட."

"அளவாத்தான் இருக்கு டீச்சர்."

"கண்ணு எரியுது."

"அதுக்குன்னு கண்ணாடி விக்கறாங்க. வாங்கி மாட்டிக்குங்க."

"அத மாட்டினா தவளை மாதிரி இருக்கேன்," என்பார். சொல்லிவிட்டுச் சுவரைக் காலால் உந்தித் தள்ளிக்கொண்டு போவார். வேகம் இல்லை. தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்துக்கொண்டு, முடி நனையக்கூடாது என்பது போல நீந்துவார். ஆழமான பக்கத்தில் ஒன்பது அடி. அங்கே போய்ச் சேர்ந்ததும் விளிம்பைத் தொடமாட்டார். நடுவிலேயே நின்று, கையையும் காலையும் அசைத்துக்கொண்டு, அடித்தரையில் வரைந்திருக்கும் கறுப்புக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது நான் சோதனைக் குழாயைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கரையில் தயாராக நிற்பேன்.